வண்டு சுமக்கும் குடம்

பதுளையிலிருந்து பசறை வழியாக மொனராகலைக்கு இறங்கும் பாதையில், ஒரே பகலுக்குள் மூன்று விதமான காற்றைச் சுவாசித்துவிடலாம். மேலே தேயிலை மலைகளில் காலைப் பனி கொழுந்தில் நின்று சொட்டும். நடுவில் மிளகும் இறப்பரும் கலந்த சரிவுகளில் புழுக்கம் தொடங்கும். கீழே வெல்லஸ்ஸப் பக்கத்துச் சேனைகளிலும் பெல்வத்தைக் கரும்பு வயல்களிலும் ஆடி ஆவணியில் அடிக்கும் காற்று நாக்கை உலர்த்திவிடும். இந்த மூன்று காற்றிலும் ஒரே வகை உயிர் சளைக்காமல் வாழ்கிறது. தேயிலைச் செடியின் வாதுக்குள், அதாவது கிளைக்குள், குண்டூசித் தலையளவு துளை போட்டுக் குடியிருப்பது வண்டு. லயக் காம்பராவின் மூலையில் கட்டிவைத்த கௌபிச் சாக்கைச் சல்லடையாக்குவதும் வண்டு. கல்லோயாக் காட்டில் யானை இலத்தியைப் பிரித்து மண்ணுக்குள் கொண்டுபோவதும் வண்டுதான். நம் இலக்கியத்தில் பூவைச் சுற்றி ரீங்கரிக்கும் வண்டு பெரும்பாலும் தேனீ வகை. நான் சொல்வது முதுகில் இரண்டு ஓடுகளை மூடிக்கொண்டு திரியும் ஓட்டு வண்டு. இதுவரை விஞ்ஞானிகள் பெயரிட்டிருக்கும் வண்டினங்கள் ஏறத்தாழ 4 இலட்சம். பெயரிடப்பட்ட விலங்கினங்களில் நான்கில் ஒன்று வண்டு என்று சொன்னால் மிகையாகாது. இவ்வளவு பெரிய வெற்றிக்குக் காரணம் என்ன என்று கேட்டால், பாடப்புத்தகம் முதல் தொலைக்காட்சி வரை ஒரே பதில் வரும்: அதன் கவசம். அந்தப் பதில் பாதி உண்மை என்பதும், மறுபாதியை அது மறைத்துவிடுகிறது என்பதும் என் எண்ணம். வண்டின் ஓட்டைப் போர்வீரனின் கவசமாகப் பார்ப்பதைவிடத் தண்ணீர் சுமக்கும் குடமாகப் பார்த்தால்தான் அதன் அமைப்பு விளங்கும். மலையகத் தோட்டங்களில் நாம் அதனோடு நடத்தும் நீண்ட போராட்டமும் விளங்கும்.

தமிழில் இதற்கு வழங்கும் சொல்லே நல்ல சாட்சி. ஆமைக்கு ஓடு, நண்டுக்கு ஓடு, முட்டைக்கு ஓடு. கூரையில் வேய்வதும் ஓடு. துறவி கையில் ஏந்துவது திருவோடு. அடி தாங்குவது என்ற பொருளை விட, உள்ளே உள்ளதை வெளியே போகாமலும் வெளியே உள்ளதை உள்ளே வராமலும் காப்பது என்ற பொருளே இந்தச் சொல்லில் ஓங்கி நிற்கிறது. அரிஸ்டாட்டில் இந்தப் பூச்சிகளுக்கு இட்ட கிரேக்கப் பெயருக்கும் உறைச்சிறகி என்றுதான் பொருள். வாளை வைக்கும் உறையைக் குறிக்கும் சொல் அது. கேடயச் சிறகி என்று அவர் பெயர் வைக்கவில்லை. இலங்கைப் பாடநூல்கள் ஓட்டைப் புறவன்கூடு என்கின்றன. நமக்கு எலும்பு உள்ளே, வண்டுக்கு வெளியே என்று ஒப்பிட அந்தச் சொல் உதவும். ஆனால் அதிலுள்ள ‘வன்’ என்ற எழுத்துகள் மாணவனின் மனத்தை உடனே கடினத்தின் பக்கம் இழுத்துவிடுகின்றன. உண்மையில் அந்தக் கூட்டின் மிக முக்கியமான பகுதி கடினமானதே அல்ல.

கூட்டை உள்ளிருந்து வெளியே பார்ப்போம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே வரிசையாக அமைந்த உயிருள்ள கலங்கள். மேலே உள்ள அனைத்தையும் சுரப்பவை இவைதான். அவற்றின் மேல் வளையும் தன்மையுள்ள ஒரு தடித்த படை. அதற்கு மேல், அதே பொருளால் ஆனாலும் இறுகிக் கறுத்த இன்னொரு படை. இந்த இரண்டுக்கும் அடிப்படையானது கைற்றின் என்ற நார்ப்பொருள். பிரான்சில் ஒகஸ்ட் ஓடியே என்பவர் 1823இல் வண்டின் முன்சிறகிலிருந்துதான் இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். பஞ்சிலும் மரத்திலும் இருக்கும் செலுலோசுக்கு இது நெருங்கிய உறவு; தனியாக எடுத்தால் துவளும், கடினம் கிடையாது. ஆனால் வண்டு இந்த நார்களைப் புரதத்தில் பதித்து, ஒரு பாயின் மேல் இன்னொரு பாயைச் சற்றே திருப்பிப் போட்டு, அதன் மேல் அடுத்ததை இன்னும் கொஞ்சம் திருப்பிப் போட்டு அடுக்குகிறது. எந்தப் பக்கமிருந்து விசை வந்தாலும் அதற்குக் குறுக்கே நிற்கும் நார் ஏதாவது ஒரு படையில் இருக்கும். வெடிப்பு ஒன்று விழுந்தாலும் நேராக ஓட முடியாமல் படைதோறும் திரும்பித் திரும்பிச் சோர்ந்துவிடும். சில பொன்னிற வண்டுகளின் பளபளப்புக்கும் இந்தச் சுழல் அடுக்கே காரணம். அவற்றிலிருந்து திரும்பும் ஒளி விந்தையாக முறுக்குண்டிருப்பதை அமெரிக்க இயற்பியலாளர் அல்பர்ட் மைக்கல்சன் 1911இலேயே கவனித்தார். இவ்வளவுக்கும் மேலே, ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடச் சற்றே கூடிய தடிப்பில், கைற்றினே இல்லாத ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. அதன் மேல் மெழுகு. இந்த மெழுகைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். அதற்கு முன், ஓடு எப்படி இறுகுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த இரசாயனம் ஊவாவில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று.

கூட்டுப்புழு நிலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிர் நிறமாக, வெந்த நூடில்ஸ் போலத் துவண்டிருக்கும். சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள் அது மஞ்சளாகி, செம்மண் நிறமாகி, பழுப்பாகி, இனத்துக்கேற்பக் கறுத்து இறுகும். தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டிய கொழுந்து உருளையில் அரைபட்ட பிறகு என்ன நடக்கிறதோ, கிட்டத்தட்ட அதுவே இங்கும் நடக்கிறது. கொழுந்தின் கலங்கள் உடைந்ததும் உள்ளிருக்கும் பீனோல் வகைச் சேர்வைகள் ஒரு நொதியத்தின் துணையுடன் ஒட்சிசனைப் பிடிக்கின்றன, குயினோன்களாக மாறுகின்றன, ஒன்றோடொன்று பிணைகின்றன. பச்சை இலை செம்பு நிறம் கொள்கிறது. வண்டின் ஓட்டிலும் பீனோல் வகைச் சேர்வைகள்தான் சுரக்கின்றன. அங்கும் ஒரு நொதியம் அவற்றைக் குயினோன்களாக்குகிறது. அவை பக்கத்துப் பக்கத்துப் புரதங்களைக் கோத்துத் தைத்துவிடுகின்றன. இடையிலிருந்த நீர் வெளியேறுகிறது. ஓடு இறுகி நிறம் மாறுகிறது. சேர்வைகள் வேறு, முடிவும் வேறு என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் தேநீரின் நிறத்தையும் வண்டின் நிறத்தையும் தருவது ஒரே குடும்பத்து வேதிவினை. இது வெறும் உவமை அல்ல என்பதற்குச் சோதனை ஆதாரம் இருக்கிறது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எஸ். முத்துகிருஷ்ணனும் சக ஆய்வாளர்களும் 2005இல், மாவு வண்டில் அந்த நொதியத்துக்குரிய மரபணுவை மட்டும் அடக்கிப் பார்த்தார்கள். அடக்கப்பட்ட வண்டுகள் வெளிறியே இருந்தன, இறுகவில்லை, இறந்துபோயின. ஆக, கடினம் தேவைதான். அதில் எனக்கு மறுப்பில்லை. இறுகாத ஓட்டில் தசை பற்றி இழுக்க இடமில்லை, கால் ஊன்றாது, தாடை கடிக்காது. எலும்பு செய்யும் வேலையை ஓடு செய்வதற்குக் கடினம் வேண்டும். ஆனால் எலும்பு வேறு, கவசம் வேறு.

இனி மெழுகு. உடல் சிறுத்தால் அதன் எடைக்கு ஏற்ற மேற்பரப்பு பெருகும்; ஒரு குடம் தண்ணீர் ஒரு நாளில் வற்றாது, அதே தண்ணீரைத் துளிகளாகத் தெளித்தால் நொடியில் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மில்லிமீற்றர் நீளமுள்ள வண்டு உண்மையில் ஒரு துளிதான். மனிதனோடு ஒப்பிட்டால், அதன் ஒவ்வொரு கிராம் உடலுக்கும் நூறு மடங்குக்கும் அதிகமான தோல் வெளிக்காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பறவை கொத்துவது வாழ்நாளில் ஒருமுறை வரலாம், வராமலும் போகலாம். உலர்த்தும் காற்று ஒவ்வொரு கணமும் கொத்துகிறது. இந்த ஆபத்தைத் தடுப்பது இறுகிய கைற்றின் அல்ல. கைற்றினும் புரதமும் தனியே நீரைக் கசியவிடும். தடுப்பது மேலே பூசிய அந்த மெழுகு. சேனைக்காரர்களுக்கு இது நடைமுறையில் என்றோ தெரிந்துவிட்டது. பயறையும் கௌபியையும் நன்றாக வெயிலில் காயவைத்து, அடுப்புச் சாம்பலைக் கலந்து மூட்டை கட்டி வைத்தால் வண்டு விழாது என்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். தமிழ்நாட்டில் துவரைக்குச் செம்மண் கட்டுவதும் இதே அறிவுதான். சாம்பலில் விஷம் எதுவும் இல்லை. பிறகு வண்டு எப்படிச் சாகிறது? பிரித்தானியப் பூச்சியியலாளர் வின்சென்ட் விக்கிள்ஸ்வேர்த் 1940களில் இதற்கு விடை கண்டார். நுண்ணிய தூள் பட்ட பூச்சி நடக்கும்போது உராய்வில் அதன் மெழுகு தேய்கிறது. தேய்ந்த இடத்தின் வழியே உடலின் நீர் வெளியேறிப் பூச்சி உலர்ந்து மடிகிறது. சில தூள்கள் மெழுகை உராயாமலேயே உறிஞ்சி எடுத்துவிடும் என்பதும் பின்னர் தெரிந்தது. தானியங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைச் சாம்பல் அடைத்து வண்டின் நடமாட்டத்தைத் தடுப்பதும் உண்டு. அப்படியானால் அடைப்புதான் கொல்கிறதோ என்று கேட்கலாம். இதற்குப் பதில் ஈரத்தில் இருக்கிறது. தானியம் ஈரமாக இருந்தாலோ காற்றில் ஈரப்பதம் மிகுந்தாலோ இத்தகைய தூள்களின் வலிமை குன்றிவிடுகிறது. தூள் மூச்சை அடைத்தோ நஞ்சாகவோ கொல்லுமானால் காற்றின் ஈரம் எதையும் மாற்றியிராது. மெழுகு போனபின் உலர்வதுதான் மரணம் என்பதால்தான் ஈரக்காற்று வண்டைக் காப்பாற்றுகிறது. ‘நன்றாகக் காயவைத்து’ என்று பாட்டிமார் சேர்த்துச் சொல்வதன் காரணமும் இதுவே. கடினமான ஓடு முழுதாக, ஒரு கீறல் பிளவுகூட இல்லாமல் அப்படியே இருக்க, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பூச்சு தேய்ந்ததற்காக ஓர் உயிர் போகிறது. எது கவசம், எது உயிர்நிலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு நியாயமான தடை எழும். மெழுகு வண்டுக்கு மட்டும் சொந்தமா? ஈக்கும் எறும்புக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும்கூட மெழுகு இருக்கிறதே; அவை ஏன் 4 இலட்சம் இனமாகப் பெருகவில்லை? தடை சரியானது, மெழுகு மட்டும் வண்டின் பெருக்கத்தை விளக்காது. வண்டு கூடுதலாகச் செய்தது ஒன்றுதான்: குடத்துக்கு மூடி போட்டது. மற்றப் பூச்சிகளில் பறக்கப் பயன்படும் முன்சிறகு இரண்டும் வண்டில் இறுகி, முதுகின் நடுவே ஒரு கோட்டில் சந்தித்து, வயிற்றின் மேல் கவிந்துவிட்டன. பறக்கும் சிறகு அதற்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. விரித்தால் மூடியைவிட நீளமாக இருக்கும், மடித்தால் பட்டுச்சேலை போல அடங்கிவிடும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் வியப்பு காத்திருக்கிறது. வண்டின் முதுகு அந்த இடத்தில் மென்மையாக, மெல்லிய தோலாகத்தான் இருக்கும். வயிற்றின் மூச்சுத்துளைகள் பல திறப்பதும் அந்த மூடிய வெளிக்குள்தான். பூச்சி மூச்சுவிடும்போதெல்லாம் நீராவி போகிறது. அது நேரே காற்றுக்குப் போகாமல் மூடிக்கும் முதுகுக்கும் இடையிலுள்ள குறுகிய அறையில் தங்கினால் இழப்பு குறையும். இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் மாவு வண்டுகளின் முன்சிறகை அகற்றி, நான்கு வகைச் சோதனைகளுக்கு உட்படுத்தினார்கள்: பின்சிறகுக்கு ஏற்படும் சேதம், வேட்டையாடும் உயிரின் தாக்குதல், உலர்தல், கடுங்குளிர். நான்கிலும் மூடியுள்ள வண்டுகளே நன்றாகத் தாக்குப்பிடித்தன. வேட்டை உயிர் என்ற ஒன்று பட்டியலில் இருப்பதால் கவசக் கட்சிக்காரர்கள் மகிழலாம். மற்ற மூன்றும் பாத்திரத்தின் வேலைகள் என்பதையும் அவர்கள் எண்ண வேண்டும். ஆபிரிக்காவின் நமீப் பாலைவனத்தில் ஒனிமாக்ரிஸ் என்ற வண்டு, மூடுபனி வரும் விடியலில் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி நிற்கும். ஓட்டில் படியும் பனி துளியாகி வழிந்து வாய்க்கு வரும். குடம் தானே தண்ணீர் மொண்டுகொள்ளும் இந்தக் காட்சியை 1976இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இந்த வாதத்துக்கு மிக நெருக்கமான சான்று ஊவாத் தேயிலைக்குள்ளேயே இருக்கிறது. வாது துளைக்கும் வண்டை ஜேர்மன் நாட்டுப் பூச்சியியலாளர் ஐகொஃப் 1868இல் இலங்கை மாதிரியைக் கொண்டு பெயரிட்டு விவரித்தார். தேயிலைக்கு அது பெருந்தொல்லை என்பது அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தெரிந்துவிட்டது. நடுத்தர உயரத் தோட்டங்களில் இன்றும் அது தீரவில்லை. ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தது பல நெருங்கிய இனங்களின் கூட்டம் என்பது அண்மையில் மரபணு ஆய்விலும், முன்முதுகையும் முன்சிறகையும் நுணுக்கமாக அளந்ததிலும் தெரியவந்தது. பெண் வண்டு இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் போகாது. கறுத்த, உருண்டு நீண்ட, பென்சில் முனையை ஒடித்துப் போட்டது போன்ற உடல். தலை மேலிருந்து பார்த்தால் தெரியாது. முன்முதுகு அதன் மேல் குல்லாய் போலக் கவிந்திருக்கும். குல்லாயின் முன்பக்கம் அரம் போலச் சிறுசிறு பற்கள். பின்முனை சரிவாக வெட்டியது போலிருக்கும். துளைத்த தூளை அதைக் கொண்டு பின்னால் தள்ளுகிறாள், வேண்டும்போது அதைக் கொண்டே வாசலை அடைத்து நிற்கிறாள். தாடைக்கு அருகில், வாயை ஒட்டி, ஓடு உள்நோக்கி மடிந்து உண்டான சிறு பைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் பூஞ்சண விதைகள். வண்டு மரத்தைத் தின்பதில்லை. தான் குடைந்த சுரங்கத்தின் சுவரில் இந்தப் பூஞ்சணத்தை விதைத்து, அது வளர்ந்ததும் தானும் தின்று குஞ்சுகளுக்கும் ஊட்டுகிறது. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கட், லூஸ் இருவரும் 1947இல் இந்தப் பூஞ்சணத்தை விவரித்தார்கள். விதைநெல்லைக் கோட்டை கட்டி அடுத்த போகத்துக்கு வைப்பது போல, தாய்ச் சுரங்கத்தின் பயிரை அடுத்த வாதுக்குக் கொண்டுபோவதற்கு ஓட்டிலேயே ஒரு பை. ஓடு என்பது வெளியே மட்டும் இருப்பதல்ல என்பதையும் இது காட்டுகிறது. பூச்சியின் முன்குடலையும் பின்குடலையும் மூச்சுக் குழாய்களையும் உள்ளே போர்த்தியிருப்பதும் அதே ஓட்டின் தொடர்ச்சிதான். தோலுரிக்கும்போது இந்த உள்போர்வைகளும் கழன்று வருகின்றன. கவசம் என்று நினைத்தால் குடலுக்குள் எதற்குக் கவசம் என்று திகைக்க வேண்டிவரும். பாத்திரத்தின் உட்பூச்சு என்று கொண்டால் திகைப்பில்லை.

அதே சுரங்கத்தில் வளரும் புழுவைப் பாருங்கள். வெள்ளையாக, மென்மையாக, காலில்லாமல், விரல் பட்டாலே நசுங்கும் உடல். தாயின் கறுத்த ஓட்டில் ஒரு துணுக்குகூடப் பிள்ளையின் முதுகில் இல்லை. சுரங்கத்துக்குள் எதிரி குறைவு, ஆகவே கவசம் தேவையில்லை என்று இதற்கு விளக்கம் சொல்லலாம், அதிலும் உண்மையுண்டு. ஆனால் அதைவிட முக்கியம், ஈரமான பசும் வாதுக்குள் உலர்த்தும் காற்று இல்லை. சுரங்கமே குடமாக இருக்கும்போது உடம்பில் தனியாக ஒரு குடம் எதற்கு? கவ்வாத்தில் வெட்டிய வாது வெயிலில் காய்ந்துவிட்டால் பூஞ்சணம் வாடும், புழுவும் நிலைக்காது. ஆண் வண்டின் கதையும் இதற்குத் துணை. அவன் பெண்ணைவிடச் சிறியவன், பறக்க முடியாதவன். பிறந்த சுரங்கத்திலேயே உடன்பிறந்தாளைக் கூடிவிட்டுப் பெரும்பாலும் அங்கேயே முடிந்துபோகிறான். வெளிக்காற்றைக் கடக்க வேண்டியவள் பெண் மட்டுமே. சிறகும் விதைப்பையும் அவளுக்கே வாய்த்திருக்கின்றன.

இனி எதிர்க்கட்சியின் வலுவான சாட்சியைக் கூப்பிடுவோம். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஒரு வண்டு இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரைப் பேய்த்தன இரும்புக்கவச வண்டு என்று தமிழாக்கலாம். காரின் சக்கரம் ஏறி இறங்கினாலும் எழுந்து நடக்கும் என்று சொல்வார்கள். 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதை அழுத்தி அளந்தபோது 149 நியூட்டன் வரை, அதாவது ஏறத்தாழ 15 கிலோ எடையைத் தாங்கியது. அதன் உடல் எடையைப் போல 39,000 மடங்கு. இரண்டு முன்சிறகுகளும் புதிர் அட்டைத் துண்டுகள் போல ஒன்றோடொன்று கொளுவி இணைந்திருப்பதும், அழுத்தம் மிகும்போது அந்தக் கொளுவிகள் முறியாமல் படை படையாக விடுபட்டு விசையை விழுங்குவதும்தான் இரகசியம். இது கவசம் இல்லையென்றால் எது கவசம்? ஒப்புக்கொள்கிறேன், இது கவசம்தான். ஆனால் அதே ஆய்வில் அந்த வட்டாரத்து மற்ற வண்டுகள் அதில் பாதி அழுத்தத்தைக்கூடத் தாங்கவில்லை. அவையும் அதே பூமியில், அதே பறவைகளுக்கு நடுவில் குறைவின்றி வாழ்கின்றன. கவசமே வெற்றியின் காரணம் என்றால் இரும்பு வண்டின் வழியில் பல்லாயிரம் இனங்கள் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் அந்த வழிக்குக் கொடுத்த விலை பெரிது: இணைந்த முன்சிறகு திறக்காது, திறக்காத வண்டு பறக்காது. பெரும்பாலான வண்டுகள் கவசத்தை ஓரளவோடு நிறுத்திக்கொண்டு மூடி திறக்கும் வசதியைக் காப்பாற்றிக்கொண்டன. பறக்கவும் வேண்டும், மண்ணுக்குள்ளும் மரத்துக்குள்ளும் நுழையவும் வேண்டும், நுழையும்போது சிறகு கிழியவும் கூடாது என்ற மூன்று தேவைகளையும் ஒன்றாக நிறைவேற்றியது அந்த மூடிதான்.

கடினம் எங்கே மிகுகிறது என்று தேடினாலும் இதுவே தெரியும். மரமும் தானியமும் கடிக்கும் பல வண்டுகளின் தாடை நுனியில் துத்தநாகம் அல்லது மங்கனீசு கலந்திருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. உளியின் வாய்க்கு மட்டும் உருக்குப் போடும் கொல்லனின் சிக்கனம் அது. சாணி வண்டின் முன்கால் மண்வெட்டி போலப் பல் வைத்து அகன்றிருக்கும். கணுக்கள் சேரும் இடத்திலோ ஓடு இறுகாமல் மெல்லிய சவ்வாகவே விடப்பட்டிருக்கிறது. உடல் முழுவதும் ஒரே தடிப்பில் இரும்பு வார்த்தது போன்ற ஓடு எந்த வண்டுக்கும் இல்லை. வேலை கேட்கும் இடத்தில் மட்டும் கடினம். மெழுகோ எல்லா இடத்திலும்.

குடம் என்று கொண்டால் அதன் பலவீனமும் தெரியவரும். டில்ட்ரின் போன்ற பழைய பூச்சிகொல்லிகள் நீரில் கரையாதவை, கொழுப்பிலும் மெழுகிலும் எளிதாகக் கரைபவை. நீரை உள்ளே வைத்திருந்த அதே மெழுகு இந்த நஞ்சுக்கு வாசலாகிவிட்டது. ஓட்டின் மேல் பட்டாலே போதும், உள்ளே இறங்கிவிடும். 1950களின் பிற்பகுதியில் இலங்கைத் தேயிலையில் வாது துளைக்கும் வண்டை ஒழிக்க டில்ட்ரின் தெளித்தார்கள். வண்டின் தொல்லை குறைந்தது. ஆனால் தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் டோட்ரிக்ஸ் புழு பெருகிப் படையெடுத்தது. காரணம், அந்தப் புழுவை அடக்கி வைத்திருந்த மாக்ரோசென்ட்ரஸ் என்ற குளவி மடிந்துபோனது. 1935, 36 ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து பழக்கி, இருபதாண்டு காலம் ஒரு செலவுமில்லாமல் வேலை செய்த குளவி அது. வாதுக்குள் ஒளிந்திருந்த வண்டுக்கு மரமாவது கொஞ்சம் மறைப்பாக இருந்தது. வெளியே பறந்து திரிந்த மெல்லுடல் குளவிக்கு எந்த மறைப்பும் இல்லை. கவசத்தை உடைக்க இன்னும் பலமான ஆயுதம் வேண்டும் என்ற எண்ணத்தில் எடுக்கும் நஞ்சு, மெழுகுள்ள உயிர் எதையும் விடாது என்பதை அன்றைய தோட்டங்கள் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டன. இதற்கு மாறான ஒரு வழியைப் பியூவேரியா என்ற பூஞ்சணம் காட்டுகிறது. அதன் வித்து பூச்சியின் மேல் ஒட்டி, ஈரம் கிடைத்தால் முளைத்து, கொழுப்பையும் புரதத்தையும் கைற்றினையும் கரைக்கும் நொதியங்களைச் சுரந்து ஓட்டின் வழியாகவே உள்ளே வேர்விடும். பட்டுப்புழுக்களின் நோய்க்கு இதுவே காரணம் என்று இத்தாலியின் அகோஸ்தினோ பாஸி 1835இல் காட்டினார். தேயிலை வண்டுக்கு எதிராகவும் இது சோதிக்கப்பட்டுள்ளது. உலர்ந்த பருவத்தில் இது முளைக்காது. உலர்வில் சாம்பலும் ஈரத்தில் பூஞ்சணமும் வேலை செய்கின்றன என்றால், வண்டோடு நடக்கும் போரில் களத்தைத் தீர்மானிப்பது ஈரத்தின் அளவு என்பது வெளிப்படை.

இது வெறும் அறிவு விளையாட்டு என்று யாரும் எண்ண வேண்டாம். துளை விழுந்த வாது கொழுந்தெடுக்கும் கையின் இழுப்பில் முறிந்துபோகும். முறிந்த வாது அடுத்த கவ்வாத்து வரை கொழுந்து தராது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், ஆகிவிடுமோ என்ற கவலையோடு சரிவில் நிற்கும் பெண்ணின் கூடையில் அது தெரியும். கண்ணுக்கு எட்டும் தொல்லையும் இல்லை. இரண்டு மில்லிமீற்றர் வண்டு, குண்டூசித் தலையளவு வாசல். இதனால்தான் அந்த வண்டு எப்போது பலவீனமாக இருக்கிறது என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது. முட்டையிலிருந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதிய பெண்கள் உருவாகிவிடுவார்கள். ஆனால் உருவானவுடன் புறப்பட மாட்டார்கள். வெளிறிய ஓடு தேன் நிறமாகி, பழுப்பாகி, கறுக்கும்வரை சுரங்கத்தின் ஈரத்துக்குள்ளேயே காத்திருப்பார்கள். அதற்குள் கூடல் முடிந்துவிடும், தாடைப் பையில் பூஞ்சணம் நிரம்பிவிடும். பிறகு ஒருத்தி வாசலுக்கு வருவாள். வெளியே ஊவாவின் உலர்காற்று தேயிலை மட்டத்தை வருடிக்கொண்டு மொனராகலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். பிறந்ததிலிருந்து ஈரத்தைத் தவிர வேறெதையும் அறியாத அந்த உடல், முதுகின் மூடியைத் திறந்து, மடித்த சிறகை விரித்து, தன் உடம்பிலுள்ள துளி நீரையும் வாயோரத்து விதையையும் மட்டும் சுமந்துகொண்டு அடுத்த வாதைத் தேடிப் பறக்கும்.